கையெழுத்துக்கு முன் கற்போம்: கூட்டுறவுக் கடன் சங்க நிர்வாகத்துக்கு ஒரு பகுதிநேரப் பாடத்திட்டம்

சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். அதற்கு மேலே பிடித்தங்கள் பகுதியில் வருமான வரி, குழுக் காப்பீடு ஆகியவற்றுடன் 'சங்கம்' என்றும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் சிக்கனச் சேமிப்பு, பங்குத்தொகை, கடன் தவணை, வட்டி என நான்கு கணக்குகள் அடங்கியுள்ளன. இருபது ஆண்டுகள் பணியாற்றிய பிறகும் நம்மில் பலர் அவற்றைப் பிரித்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நாள் ஒன்று வந்தது.

என்னுடன் பணியாற்றிய ஓர் ஆசிரியர் சங்கத்தில் கடன் கேட்டார். இரண்டு பிணையாளர்கள் வேண்டும் என்றார்கள். மதிய உணவு இடைவேளையில் அவர் நீட்டிய பத்திரத்தில், பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் அவர் மாரடைப்பால் இறந்துபோனார். வாரிசுத் தகராறில் அவருக்குரிய பணப்பயன்கள் நின்றுவிட்டன. அவருடைய சேமிப்பையும் பங்கையும் கழித்த பிறகும் 1,12,000 ரூபாய் பாக்கி. அதில் பாதி என் சம்பளத்தில் மாதம் 4,000 ரூபாயாக 14 மாதங்கள் பிடிக்கப்பட்டது.

கோபத்துடன் சங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் எதுவும் வாதாடவில்லை. முதலில் நான் கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பிறகு அதற்கு முந்தைய ஆண்டின் பேரவை நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். ஏழாவது பொருள்: இறக்கும் உறுப்பினரின் கடனைத் தீர்க்க, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் மாதம் 50 ரூபாய் பெற்று ஒரு நிதி அமைப்பது. எதிரே 'போதிய உறுப்பினர்கள் இல்லாததால் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அன்பளிப்புப் பையையும் உணவுப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கே வீடு திரும்பிவிட்டேன். எனக்குப் பின்னால் நாற்காலிகள் காலியானபோது ஏழாவது பொருளும் போய்விட்டது.

இதில் யாரும் பணத்தைக் கையாடவில்லை. விதியை மீறவும் இல்லை. படிக்கத் தெரிந்த நாங்கள் படிக்காமல் இருந்தோம், அவ்வளவுதான். கடன் சங்க நிர்வாகம் கற்க வேண்டிய ஒரு பாடம் என்பதையும், வேலையில் இருப்பவர்கள் வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கியே அதைக் கற்க முடியும் என்பதையும், அதை நடத்த ஆசிரியர்களே பொருத்தமானவர்கள் என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடன் சங்கம் யாருடையது?

வங்கியில் நாம் வாடிக்கையாளர். கடன் சங்கத்தில் உரிமையாளர். மேலைநாடுகளில் கடன் ஒன்றியம் என்றும், இலங்கையில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்றும், நம் பகுதியில் சிக்கன நாணயச் சங்கம், பணியாளர் கடன் சங்கம் என்றும் அழைக்கப்படுவது எல்லாம் ஒரே குடும்பம்தான். உறுப்பினர் சேமிக்கிறார், அந்தச் சேமிப்பிலிருந்து மற்றோர் உறுப்பினர் கடன் பெறுகிறார், இருவரும் சேர்ந்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான்.

உரிமையாளர் என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. வணிக வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ போடும் பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் அதன் வரம்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. சில கூட்டுறவுச் சங்கங்கள் 'வங்கி' என்ற சொல்லைப் பெயரில் சேர்த்துக்கொண்டு பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுவதைக் குறித்து 2021 நவம்பர் 22 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட எச்சரிக்கையிலும் இதையே நினைவூட்டியது. ஆகவே சங்கத்தில் உள்ள நம் பணத்துக்குப் பாதுகாப்பு மூன்று இடங்களில்தான் இருக்கிறது: நல்ல நிர்வாகக் குழு, ஒழுங்கான தணிக்கை, கேள்வி கேட்கும் பேரவை. இவற்றில் இரண்டு நம் கையில் இருக்கின்றன.

இது ஆசிரியர்களின் சங்கத்துக்கு மட்டும் உரியதன்று. கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், பாகூர், மடுகரைப் பக்கம் நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளைப் பாருங்கள். தந்தை வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருப்பார். பாட்டி காலையில் பால் சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு வருவார். தாய் மகளிர் சுய உதவிக் குழுவின் நோட்டை வைத்திருப்பார். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: கூட்டம், தீர்மானம், கணக்கு.

கல்வி முன்னே, கடன் பின்னே

நம் நாட்டில் கடன் சங்கம் தோன்றியதற்கே ஒரு படிப்பு காரணமாக இருந்தது. கந்துவட்டியில் சிக்கிய உழவர்களுக்கு மாற்று வழி காண, சென்னை அரசு ஃபிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஜெர்மனியில் ரைபைசன் என்ற ஊர்த்தலைவர் தொடங்கிய கிராமச் சங்கங்களைப் பற்றி அவர் ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை தந்தார். அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவாயிற்று. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எழுந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் அப்போது பொருந்தவில்லை. இன்று நம் பகுதிச் சங்கங்கள் 1972ஆம் ஆண்டின் புதுச்சேரி கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன.

சங்கத்தைத் தொடங்குவதற்கு முன்பே மக்கள் கூடிப் படித்த ஊர் ஒன்றும் உண்டு. கனடாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் ஆன்டிகோனிஷ் என்ற சிற்றூர். அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் 1928இல் ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. அதன் இயக்குநர் மோசஸ் கோடி என்ற பாதிரியார். அவரும் அவருக்கு வழிகாட்டிய ஜிம்மி டாம்கின்ஸ் என்ற பாதிரியாரும் மீனவர், உழவர், சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர்களுக்குச் சென்று படிப்பு வட்டங்களை உருவாக்கினார்கள். அண்டை வீட்டார் சிலர் ஒரு வீட்டின் சமையலறையில் வாரம் ஒருமுறை கூடினார்கள். கூடிப் படித்தார்கள், கணக்குப் போட்டார்கள், தங்கள் பணம் எங்கே போகிறது என்று விவாதித்தார்கள். 1932இல் அம்மாநிலம் கடன் ஒன்றியச் சட்டத்தை இயற்றியபோது, ஒன்றியத்தை நடத்தத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் ஆயத்தமாக இருந்தார்கள். அந்த முறையைப் பிற நாட்டவருக்குக் கற்பிக்க 1959இல் அங்கே கோடி சர்வதேச நிறுவனம் அமைந்தது. அவர்கள் கல்லூரிப் பட்டதாரிகள் அல்லர். பகலில் படகிலும் வயலிலும் உழைத்துவிட்டு மாலையில் படித்தவர்கள். நமக்கு வேண்டிய முன்மாதிரி இதுவே.

கூட்டுறவுக் கொள்கைகளிலும் கல்விக்கு இடமுண்டு. 1995இல் மான்செஸ்டரில் உலகக் கூட்டுறவுக் கூட்டணி ஏற்ற ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் என்பதாகும். அது உறுப்பினர், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், மேலாளர்கள், பணியாளர்கள் ஆகிய அனைவருக்கும் உரியது. நம் அரசியலமைப்பின் 43பி பிரிவும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நான்கு பண்புகளைக் குறிப்பிடுகிறது: தன்விருப்ப அமைப்பு, தன்னாட்சியான செயல்பாடு, மக்களாட்சிக் கட்டுப்பாடு, தொழில்முறை மேலாண்மை. கடைசி இரண்டும் கற்காமல் வருபவை அல்ல.

யாருக்கு எந்தப் படிப்பு?

சங்கப் பணியாளர்களுக்குப் படிப்பு வாய்ப்புகள் உள்ளன. தமிழ்நாட்டில் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி முழுநேரமாகவும் அஞ்சல்வழியாகவும் நடத்தப்படுகிறது. சென்னை நடேசன் கூட்டுறவு மேலாண்மை நிலையம், மதுரைக் கூட்டுறவு மேலாண்மை நிலையம் ஆகியவை தேசியக் கூட்டுறவுப் பயிற்சிக் குழுமத்தின் கீழ் இயங்குகின்றன. எழுத்தராகவோ செயலாளராகவோ உயர விரும்புவோர் இவற்றை நாடலாம்.

ஆனால் நிர்வாகக் குழு உறுப்பினர் நிலை வேறு. அவர் ஊதியம் பெறாத தொண்டர். ஆசிரியராகவோ உழவராகவோ நடத்துநராகவோ இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை கூடிக் கோடிக்கணக்கான ரூபாய் பற்றி முடிவெடுக்கிறார். பட்டயப் படிப்புக்கு அவருக்கு நேரம் இல்லை. சாதாரண உறுப்பினருக்கோ யாரும் எதுவும் கற்பிப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே கீழ்க்காணும் பாடத்திட்டம். பத்து வாரம், சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், ஆக மொத்தம் 20 மணி நேரம். பள்ளியில் ஒரு வகுப்பறையும் கரும்பலகையும் போதும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை இருந்தால் எல்லாரும் பேச முடியும். உறுப்பினர், குழு உறுப்பினர், பணியாளர் மூவகையினரும் கலந்திருப்பது நல்லது.

பத்து வாரப் பாடத்திட்டம்

முதல் வாரம்: துணைவிதிகள். சங்கத்தின் துணைவிதி நூலை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். பத்துக் கேள்விகளுக்கு அதிலேயே விடை தேடுவதுதான் பாடம். கடன் உச்சவரம்பு என்ன? பேரவைக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும்? குறைந்தபட்சம் எத்தனை பேர் வர வேண்டும்? வராவிட்டால் ஒத்திவைத்த கூட்டம் எப்போது, எந்த விதியின்படி நடக்கும்? உறுப்பினர் எந்தெந்தப் பதிவேடுகளைப் பார்க்கலாம்?

இரண்டாம் வாரம்: உறுப்பினரின் உரிமையும் கடமையும். பங்கு, வாக்கு, வாரிசு நியமனம், விலகல். எல்லாரும் தம் வாரிசு நியமனப் படிவத்தைச் சரிபார்த்து வர வேண்டும் என்பதே வீட்டுப்பாடம். திருமணத்துக்கு முன் கொடுத்த நியமனத்தை மாற்றாமல் விட்டவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருப்பார்கள்.

மூன்றாம் வாரம்: நிர்வாகக் குழுவும் பணியாளரும். கொள்கை வகுப்பதும் மேற்பார்வையிடுவதும் குழுவின் வேலை. அன்றாடக் கணக்கும் பணப்பரிமாற்றமும் பணியாளரின் வேலை. இவர் வேலையில் அவரும் அவர் வேலையில் இவரும் புகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு சூழலைக் கொடுத்து விவாதிக்கச் செய்யலாம்: குழு உறுப்பினர் ஒருவர் தம் மைத்துனரின் கடன் மனுவைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்? தம் உறவைச் சொல்லி, அந்தப் பொருள் முடியும்வரை வெளியேற வேண்டும். வெளியேறியதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

நான்காம் வாரம்: வட்டிக் கணக்கு. 1,00,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், மாதம் 5,000 ரூபாய் அசலாக 20 தவணை. முழுத்தொகைக்கும் 20 மாதம் வட்டி போட்டால் 20,000 ரூபாய். குறையும் நிலுவைக்கு மட்டும் போட்டால் 10,500 ரூபாய். இரண்டுக்கும் வேறுபாடு 9,500 ரூபாய். நம் சங்கம் எந்த முறையில் கணக்கிடுகிறது என்பதைத் தம் கடன் புத்தகத்தை வைத்தே ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும். வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது என்பது அப்போது புரியும்.

ஐந்தாம் வாரம்: கடன் ஆய்வும் பிணையும். கடன் கேட்பவரின் திருப்பிச் செலுத்தும் திறன், பிடித்தங்கள் போகக் கையில் நிற்கும் சம்பளம், ஏற்கெனவே உள்ள கடன்கள் ஆகியவற்றைப் பார்க்கும் முறை. பிறகு பிணைப் பத்திரத்தை வரிக்கு வரி உரக்கப் படிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று ஒன்று சட்டத்தில் இல்லை. இந்த வாரப் பாடத்தை நடத்தும்போது என் 14 மாதக் கதையைச் சொல்கிறேன்.

ஆறாம் வாரம்: இருப்புநிலைக் குறிப்பு. பயிற்சிக்காக ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பங்குத்தொகை 40 லட்சம், உறுப்பினர் சேமிப்பு 100 லட்சம், காப்பு நிதி 10 லட்சம். ஆக மொத்தம் 150 லட்சம். மறுபக்கத்தில் உறுப்பினர் கடன் 135 லட்சம், ரொக்கமும் வங்கி இருப்பும் 12 லட்சம், பிற சொத்து 3 லட்சம். ஆக மொத்தம் 150 லட்சம். இரு பக்கமும் சமமாக இருப்பதைப் பார்த்ததும் பலர் 'கணக்கு சரி' என்று மூடிவிடுகிறார்கள். மூடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 135 லட்சம் கடனில் தவணை கடந்தது எவ்வளவு? 27 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு. அதில் பாதி வராமலே போனால் இழப்பு 13.5 லட்சம். காப்பு நிதி 10 லட்சம்தான். மீதி 3.5 லட்சம் நம் பங்குத்தொகையிலிருந்து போகும்.

ஏழாம் வாரம்: இலாபமும் ஈவும். அதே சங்கம் 4 லட்சம் ரூபாய் இலாபம் காட்டுகிறது. 1 லட்சத்தைக் காப்பு நிதிக்கு ஒதுக்கி, 3 லட்சத்தைப் பங்குக்கு 7.5 சதவீத ஈவாக வழங்கப் பரிந்துரைக்கிறது. பேரவை கைதட்டுகிறது. ஆனால் தவணை கடந்த 27 லட்சத்துக்கும் 12 சதவீத வட்டி வந்ததாக எழுதப்பட்டிருந்தால், அந்த 3,24,000 ரூபாய் இன்னும் யார் கைக்கும் வரவில்லை. அதைக் கழித்தால் உண்மை இலாபம் 76,000 ரூபாய். மீதி ஈவு எங்கிருந்து கொடுக்கப்பட்டது? நம் சேமிப்பிலிருந்து எடுத்து நமக்கே கொடுத்திருக்கிறார்கள். 1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமே நிகர இலாபத்தில் குறைந்தது நான்கில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்கிய பிறகே பங்கீட்டை அனுமதித்தது. நம் துணைவிதி என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த வாரப் பயிற்சி.

எட்டாம் வாரம்: உள்கட்டுப்பாடு. பணம் வாங்குபவர் ஒருவர், பேரேட்டில் எழுதுபவர் மற்றொருவர், வங்கி இருப்புடன் ஒத்துப் பார்ப்பவர் மூன்றாமவர். மூன்றும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் தவறு வெளியே தெரியாது. ஒரே பணியாளர் உள்ள சிறு சங்கத்தில் குழு உறுப்பினர் ஒருவர் முன்னறிவிப்பின்றி ரொக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா உறுப்பினர்களின் புத்தகங்களையும் பேரேட்டுடன் ஒப்பிடலாம். இது பணியாளர் மீதான சந்தேகம் அன்று, அவருக்கான பாதுகாப்பு. தேர்வுத்தாளை எண்ணி உறையிட்டு இருவர் கையெழுத்திடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் வாரம்: தணிக்கை அறிக்கை. முதலில் தணிக்கையாளர் சுட்டிய குறைகளைப் படிக்க வேண்டும். அடுத்து, கடந்த ஆண்டின் குறைகளுடன் ஒப்பிட வேண்டும். ஒரே குறை மூன்று ஆண்டாகத் தொடர்ந்தால் அதுவே பேரவையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. குறை நிவர்த்தி அறிக்கை அனுப்பப்பட்டதா என்பது இரண்டாவது கேள்வி.

பத்தாம் வாரம்: மாதிரிப் பேரவை. தலைவர், செயலாளர், உறுப்பினர், தணிக்கையாளர் என்று பங்கு பிரித்துக்கொண்டு, உண்மையான ஆண்டறிக்கையை வைத்து ஒரு பேரவையை நடத்த வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். ஒருவர் நடவடிக்கைக் குறிப்பை எழுதி வாசிக்க வேண்டும். கூச்சம் போவது இங்கேதான். நாள்தோறும் நாற்பது பிள்ளைகள் முன் பேசும் நமக்கே பேரவையில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முதல்முறை வருபவரின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

நடத்தும் முறை

பெரியவர்களின் வகுப்பில் விரிவுரை எடுபடாது. அவர்கள் கொண்டுவரும் காகிதமே பாடநூலாக வேண்டும். ஒருவரின் சம்பளச் சீட்டு, மற்றொருவரின் பால் சங்க அட்டை, இன்னொருவரின் கடன் புத்தகம் ஆகியவை மேசைக்கு வந்துவிட்டால் பேச்சு தானாகத் தொடங்கும். பிறர் கணக்கை வெளியே பேசுவதில்லை என்ற உறுதியை முதல் நாளே எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வட்டம் எந்த அணியின் தேர்தல் மேடையாகவும் மாறக்கூடாது. தேர்தல் அறிவித்த பிறகு புதிய வட்டம் தொடங்காமல் இருப்பது நல்லது. இரண்டு, சங்கப் பணியாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக்கூடாது. சட்டம், நடைமுறை பற்றிய ஐயங்களைக் கூட்டுறவுத் துறை அலுவலரிடமே கேட்கலாம்; ஒரு வாரம் அவரை அழைத்துப் பேசவும் செய்யலாம்.

வகுப்பறைக்குக் கொண்டு செல்ல

இப்பாடத்தின் சில பகுதிகள் நம் மாணவர்களுக்கும் பொருந்தும். தொடக்க வகுப்புகளில் வகுப்புக்கென ஒரு சிறு எழுதுபொருள் கடை நடத்தலாம். பென்சில், அழிப்பான் விற்ற கணக்கை ஒரு மாணவர் எழுத, மற்றொருவர் சரிபார்க்க, மாதக் கடைசியில் வகுப்பு முன் வாசிக்க வேண்டும். முன்பு பள்ளிகளில் இருந்த சஞ்சாயிகா சேமிப்பு நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். காசு சேர்ந்ததைவிட, எண்ணி எழுதும் பழக்கம் சேர்ந்ததே அதன் பெரிய பயன்.

நடுநிலை வகுப்புகளில் மேற்கண்ட 20 தவணைக் கணக்கைத் தனிவட்டிப் பாடத்துடன் இணைக்கலாம். 20 முதல் 1 வரையிலான எண்களின் கூட்டல் 210 என்பதை அறிந்தவர் நிலுவைகளின் கூட்டுத்தொகையை ஒரே பெருக்கலில் காண்பார்: 5,000 × 210 = 10,50,000. அதில் மாத வட்டி 1 சதவீதம் 10,500.

உயர்நிலை வகுப்பில் வரலாற்றுடன் சேர்க்க உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையை விளக்குகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றுக்குப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது தகுதியின்மைப் பட்டியல்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர முடியாது. அண்மை மூன்று ஆண்டுகளில் பதவி வகித்தவரும் வர முடியாது. அந்தச் சபையில் நிலமுடைய அந்தணர் ஆடவருக்கு மட்டுமே இடமிருந்தது என்பதையும் மாணவரிடம் சொல்ல வேண்டும். பிறகு கேட்கலாம்: அன்றைய விதிகளில் இன்று எதைக் கொள்வோம், எதைத் தள்ளுவோம்? ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கூட்டுறவுக் கொள்கை அந்தக் குறையை எப்படித் தீர்க்கிறது?

ஏழாவது பொருள்

என் சம்பளத்தில் கடைசிப் பிடித்தம் முடிந்த மாதம், இன்னொரு பிணையாளரும் நானும் வேறு நான்கு ஆசிரியர்களும் சனிக்கிழமைகளில் கூடத் தொடங்கினோம். பாடத்திட்டம் எதுவும் அப்போது இல்லை. ஆண்டறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். புரியாத இடத்தில் நின்றோம். அலுவலகத்துக்குப் போய் அதே எழுத்தரிடம் கேட்டோம். அவர் மூன்று வாரம் எங்களுடன் வந்து உட்கார்ந்தார். மேலே உள்ள பத்து வாரங்கள் அப்படித் தட்டுத் தடுமாறிக் கற்றதை ஒழுங்குபடுத்தியவைதான்.

அடுத்த பேரவையில் நிகழ்ச்சி நிரலின் ஏழாவது பொருளை மீண்டும் சேர்க்கக் கோரினோம். இந்த முறை கணக்குடன் போனோம். மாதம் 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு எவ்வளவு சேரும், கடந்த ஐந்து ஆண்டில் இறந்த உறுப்பினர்களின் கடன் பாக்கி எவ்வளவு, நிதி அதைத் தாங்குமா என்று ஒரு பக்கத்தில் எழுதிப் படியெடுத்து வாசலில் கொடுத்தோம். அன்பளிப்பை மதியம் கூட்டம் முடிந்த பிறகு வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது, எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இறுதியில் தீர்மானம் நிறைவேறியது.

இறந்துபோன நண்பரின் குடும்பத்துக்கு அதனால் பயன் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஆனால் அதற்குப் பின் நடந்த ஒரு மரணத்தில், பிணையாளர் சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்படவில்லை. குடும்பத்தின் சேமிப்பும் முழுதாகக் கைக்கு வந்தது.

மார்ச்சில் கணக்கு முடிந்து, தணிக்கை நடந்து, சில மாதங்களில் உங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை வரும். அதைப் பரண் மேல் வைக்காதீர்கள். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகவும் போடாதீர்கள். சிவப்பு மையும் ஒரு நண்பருமாக உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துவதுபோல் படியுங்கள். தவணை கடந்த கடன் எவ்வளவு, காப்பு நிதி எவ்வளவு, தணிக்கைக் குறைகள் எத்தனை என்ற மூன்றையும் வட்டமிடுங்கள். அடுத்த சனிக்கிழமை இன்னும் நான்கு பேரை அழைத்தால், உங்கள் ஊரிலும் படிப்பு வட்டம் தொடங்கிவிடும்.